பிரித்துக் கட்டிய எண்பது பைகள்

பதினேழு வருஷம் ஒரே பதவியில் உட்கார்ந்திருந்தால் பதவியே பெயராகிவிடும். அந்தச் சேவைச் சங்கத்தில் அவளை எல்லோரும் செயலாளரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சங்கத்தோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. தெருமுனை டீக்கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரி, கடைசியில் கட்டிய புருஷன் வாயிலும் அதே பேச்சு. "செயலாளரம்மா, ஒரு டீ கிடைக்குமா, இல்ல மனு எழுதிக் குடுக்கணுமா?" என்று கேட்பார். கரண்ட் மீட்டர் பார்த்து எழுதும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மனுஷர். முப்பது வருஷம் வீடு வீடாகப் படியேறிச் சேர்த்து வைத்த கிண்டலையெல்லாம் இப்போது ஒரே வீட்டில் செலவழித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குச் சிரிப்பு வருவதில்லை. அலுப்பாக இருந்தது. வயது ஐம்பத்து நாலு. காலையில் எழுந்ததும் வலது முழங்கால் முதலில் விழித்துக்கொள்ளும், அப்புறம்தான் அவள். டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார், "எதையாவது ஒண்ணை விடுங்கம்மா." ஹோட்டல் வேலையை விட்டால் சோறு இல்லை. சங்கத்தை விடலாம். விடத்தான் தவித்துக்கொண்டிருந்தாள். ஆனால் வருஷக் கூட்டத்தில் "அடுத்த செயலாளர் யாரு?" என்று தலைவர் கேட்டதும், இருக்கிற பதினோரு பேரும் தங்கள் செருப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு பேருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒருத்தருக்குக் காது கேட்காது, அந்தக் கேள்வி மட்டும் சுத்தமாகக் கேட்காது. பொறுப்பு சுற்றிச் சுற்றி அவள் தலையிலேயே வந்து விழும்.

புது ஆட்கள் வராமல் இல்லை. வருவார்கள், சட்டையில் சங்கத்து வில்லையைக் குத்திக்கொள்வார்கள், மூன்று மாதம் இருப்பார்கள். அப்புறம் போன் எடுக்க மாட்டார்கள். ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தாள், போனாள். ஒரு தையல்காரர் வந்தார், வேலை ஜாஸ்தி என்றார். பூச்செடி விற்கிறவர் ஒருத்தர் காரணம்கூடச் சொல்லவில்லை. "இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒண்ணுல நிலைச்சு நிக்கிற புத்தியே கிடையாது" என்று செயலாளரம்மா சொல்வாள். தலைவரும் ஆமாம் போடுவார். அவர் மருந்துக்கடைக்காரர், எதற்கும் ஆமாம் போட்டுப் பழகிய மனுஷர்.

இந்த வருஷம் நாலு பேர் சேர்ந்திருந்தார்கள். ஜெராக்ஸ் கடை நடத்தும் புருஷன் பெண்டாட்டி. லிப்ட் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக் ஒருத்தன், முப்பத்தைந்து வயது, எதைக் கண்டாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று திருப்பிப் பார்ப்பவன். அப்புறம் டவுன் பஸ் ஓட்டும் பெண்மணி. சேர்ந்த அன்றைக்கே எல்லோரும் அவளை டிரைவரம்மா ஆக்கிவிட்டார்கள். நாற்பத்து மூன்று வயது. அதிகம் பேசமாட்டாள், பேசினால் எதிராளி முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவாள். அவளைப் பார்த்ததும் செயலாளரம்மாவுக்கு மனசுக்குள் ஒரு ஆசை முளைத்தது. இவள் நின்றுவிட்டால் போதும். வருஷக் கூட்டத்தில் பொறுப்பை இவள் கையில் கொடுத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டி உட்காரலாம். அதற்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதுவரைக்கும் இந்த நாலு பேரும் ஓடிப்போகாமல் இருக்க வேண்டும்.

சங்கத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து அந்தச் சமயம் பார்த்து ஒரு சுற்றறிக்கை வந்தது. புதிய உறுப்பினர்களுக்கு நாற்காலி அடுக்குகிற வேலையைக் கொடுக்காதீர்கள், எல்லோரும் சேர்ந்து கொடுக்கிற ஒரு கொடையை அவர்கள் பொறுப்பில் விடுங்கள், அதில் அவர்களுடைய உழைப்பும் யோசனையும் இருக்கட்டும், அப்போதுதான் நிலைப்பார்கள் என்று நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். செயலாளரம்மா சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டுப் படித்தாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்பவள் இல்லை. அன்றைக்கே திட்டம் போட்டாள், பட்டியல் எழுதினாள், பைக்குள் என்னென்ன, எந்த வரிசையில் என்று படம்கூடப் போட்டுவிட்டாள். யோசனை அவர்களுடையதாக இருக்கட்டும் என்ற வரிக்குக் கீழேயும் கோடு இருந்தது. கோடு போட்டதோடு சரி.

திட்டம் நல்ல திட்டம்தான், அதைக் குறை சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு திடுதிப்பென்று ஓடிவருகிறவர்கள் இருக்கிறார்களே, கட்டிய துணியோடு வந்தவர்கள், அவர்களுக்கு ஆளுக்கொரு பை. ஒரு துண்டு, சோப்பு, பிரஷ், பேஸ்ட், சீப்பு, ரப்பர் செருப்பு, தண்ணீர் பாட்டில். மொத்தம் எண்பது பை. ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு சாமான் எண்பது கொண்டுவர வேண்டும். துண்டு ஹோட்டலில் கழித்துக் கட்டிய நல்ல துண்டு, அது செயலாளரம்மா பொறுப்பு. ஜெராக்ஸ் கடைத் தம்பதி துணிப்பை என்றார்கள். மெக்கானிக், தான் லிப்ட் பார்க்கிற கட்டடங்களில் குடியிருப்பவர்களைப் பிடித்து எண்பது ஜோடி செருப்பு தேற்றிவிட்டான். டிரைவரம்மா சீப்பு என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "இன்னொண்ணும் கொண்டு வரேன்க்கா" என்றாள். அந்த நேரம் பார்த்துத் தலைவர் தொண்டையைச் செருமினார். பேனர் விஷயம் பேச வேண்டியிருந்தது. இன்னொண்ணு என்னவென்று யாரும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நூலகத்துக்கு மேலே இருக்கிற சங்கத்து அறையில் கூடிப் பை கட்டினார்கள். நீளமான அறை, இரண்டு மேஜை, இரண்டே இரண்டு ஃபேன், அதில் ஒன்று சத்தம் மட்டும் போடும். அன்றைக்கு ஹோட்டலில் ஒரு பெரிய கல்யாணக் கூட்டம் தங்கியிருந்ததால் செயலாளரம்மாவுக்கு நாலு மணிக்குத்தான் விடுதலை கிடைத்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறியபோது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரர் ஏதோ கதை சொல்ல, மெக்கானிக் செருப்பு ஜோடி சேர்த்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தான். டிரைவரம்மா துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். கடைசி நாலைந்து பை தவிர மற்றதெல்லாம் முடிந்து சுவர் ஓரமாக அடுக்கியாகிவிட்டது.

செயலாளரம்மா சந்தோஷப்பட்டாள். சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்தது. அப்புறம் கண் துண்டின்மேல் போனது. நாலாக மடித்திருந்தார்கள். ஓரம் வெளியே தெரிந்தது.

இதை அற்ப விஷயம் என்று நீங்கள் சொல்லலாம். அவளுக்கு அப்படி இல்லை. பத்தொன்பது வயதில் அந்த ஹோட்டலின் துணி அறைக்குள் போனவள். தரைக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை, மூன்று பக்கமும் அலமாரி, நாள் முழுக்க வெளுப்பு மருந்து வாசனை. சேர்ந்த இரண்டாவது மாதம், அவளுக்குப் பக்கத்தில் நின்று மடித்துக்கொண்டிருந்த பெண்ணை, ஒரே ஒரு கறைத் துண்டு விருந்தினர் அறைக்குப் போய்விட்டது என்பதற்காக அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே படியேறிப் போனாள். அன்றிலிருந்து இவள் எதையும் இரண்டு தடவை பிரித்துப் பார்க்காமல் மேலே அனுப்பியதில்லை. இப்போது அவள்தான் மேற்பார்வை. மற்றவர்கள் மடித்ததைப் பிரித்துப் பார்த்து, மூன்றாக, ஓரம் உள்ளே போகிற மாதிரி மறுபடி மடிக்கத்தான் அவளுக்குச் சம்பளம். முப்பத்தைந்து வருஷமாகக் கை அதையே செய்துகொண்டிருந்தால், கை சும்மா இருக்குமா?

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க" என்று எல்லோரையும் அனுப்பிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் அறையைத் திறந்தாள்.

அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேப்பர் விரித்தார். "கட்டி முடிச்சாச்சுன்னு சொன்னே?"

"முடிச்சாங்க. சரியா முடிக்கல."

"ஆஸ்பத்திரியில இருக்கிறவன் துண்டோட மடிப்பைப் பார்த்தா துடைப்பான்?"

"நீங்க பேப்பர் படிங்க."

படித்தார். அவள் ஒவ்வொரு பையாகக் கொட்டினாள். துண்டை உதறி மூன்றாக மடித்தாள், சோப்பை அடியில் வைத்தாள், செருப்பை ஒன்றோடொன்று முகம் பார்க்க வைத்து ஓரமாகச் செருகினாள். முதல் துண்டை உதறியபோதே உள்ளேயிருந்து ஒரு சீட்டு விழுந்தது. நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள், பேனாவில் நெருக்கமாக எழுதியிருந்தது. 'சுடுதண்ணி ரெண்டாவது மாடியில் எக்ஸ்ரே ரூமுக்குப் பின்னாலே' என்று முதல் வரி. அதற்குமேல் அவள் படிக்கவில்லை. அடுத்த பையிலும் சீட்டு இருந்தது. அதற்கடுத்ததிலும்.

அவள் அதிர்ந்துபோனாள் என்றுதான் சொல்ல வேண்டும். சங்கத்து முத்திரை இல்லாத காகிதம், யார் கையெழுத்தோ, ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள்? அனுமதி வாங்கவே அவள் ஆறு தடவை நடந்திருந்தாள். பட்டியலில் இல்லாத ஒன்றைப் பைக்குள் வைக்கலாமா? எண்பது சீட்டையும் எடுத்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, கீழே நூலகத்தில் பழைய பேப்பர் போடும் பெட்டியில் போட்டுவிட்டாள். டிரைவரம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பாவம், வண்டியில் இருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மத்தியானம் இரண்டு மணிக்கு எண்பதும் முடிந்தது. முழங்கால் வீங்கியிருந்தது. வரும்போது பஸ்ஸில், "எல்லாம் நானே செய்ய வேண்டியிருக்கு" என்று புருஷனிடம் அங்கலாய்த்தாள். அவர் மடித்த பேப்பரை மறுபடி விரித்தார்.

புதன்கிழமை நாலு மணி. ஆஸ்பத்திரியில் நோயாளியோடு வந்தவர்கள் காத்திருக்கும் கூடம். நீளமான பெஞ்சுகள், மூலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி, தரையில் அட்டை விரித்துச் சிலர் படுத்திருந்தார்கள். தலைவர் பேசினார். பேசினார், பேசினார். புது உறுப்பினர் நாலு பேரும் பேனரின் நாலு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இதுவும் அந்தச் சங்கத்தின் வழக்கம். சேர்ந்த முதல் வருஷம் பேனர் பிடிக்க வேண்டும், போட்டோவில் பாதி முகம் பேனருக்குப் பின்னால் போய்விடும்.

பேச்சு முடிந்து பைகள் கைமாற ஆரம்பித்தன. டிரைவரம்மா முதல் பையை ஒரு வயசானவரிடம் கொடுத்தாள். அவர் சட்டை பின்னால் கிழிந்திருந்தது. அவள் குனிந்து, "ஐயா, துண்டுக்குள்ள ஒரு சீட்டு இருக்கு. சாயங்காலம் உட்கார்ந்து படிச்சுப் பாருங்க, உதவியா இருக்கும்" என்றாள். அவர் அப்போதே துண்டை எடுத்து உதறினார். ஒன்றும் விழவில்லை. அவள் இன்னொரு பையை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் இன்னொன்று. துண்டின் மடிப்பைத் திருப்பிப் பார்த்தாள். பஸ் ஓட்டுகிறவளுக்கு யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. நேராகச் செயலாளரம்மாவிடம் வந்தாள்.

"அக்கா, பையைப் பிரிச்சீங்களா?"

செயலாளரம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "துண்டு சரியா மடிக்கல. அதான் கொஞ்சம்..."

"சீட்டு?"

"அது பட்டியல்ல இல்லையேம்மா. ஆஸ்பத்திரியில ஏதாவது சொல்லிட்டாங்கன்னா..."

"எங்கே இருக்கு?"

"பழைய பேப்பர்ல போட்டுட்டேன்." நேற்றே பேப்பர்காரன் அள்ளிக்கொண்டு போய்விட்டான் என்பதையும் சொன்னாள். பொய் சொல்லத் தோன்றவில்லை, அதுவரைக்கும் நல்லது.

பக்கத்தில் நின்ற மெக்கானிக் மெதுவாகக் கேட்டான். "நான் கட்டினதையும் பிரிச்சீங்களா மேடம்?"

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். எந்த ஒயர் அறுந்தது என்று தெரிந்துவிட்ட மாதிரி ஒரு ஆட்டம். ஜெராக்ஸ் கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் பேனரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

டிரைவரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் செயலாளரம்மாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாள். எழுதும்போது மை கொட்டிவிட்டதால் ஒதுக்கி வைத்தது போலிருக்கிறது. "முழுசா படிச்சிருக்க மாட்டீங்க" என்றாள். அப்புறம் பைகள் இருந்த இடத்துக்குப் போய், ஒவ்வொருத்தருக்காகக் கொடுத்து, சீட்டில் இருந்ததை எல்லாம் வாயால் சொல்ல ஆரம்பித்தாள்.

செயலாளரம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று படித்தாள். சுடுதண்ணி எங்கே என்பதற்கு அடுத்து, டாக்டர் காலை எட்டரைக்கு வருவார், அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விடாதீர்கள் என்று இருந்தது. மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டுவரை வார்டுக்குள் விடமாட்டார்கள், அப்போது போய்க் குளித்துக்கொள்ளுங்கள். போன் சார்ஜ் போட கேன்டீனில் கடைசி மேஜைக்குக் கீழே பிளக் இருக்கிறது. டாக்டர் சொல்வது புரியாவிட்டால் நீலச் சட்டை நர்ஸிடம் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். கடைசி வரி: 'அழணும்னா மூணாவது மாடியில் பின்பக்கப் படிக்கட்டு. அங்கே யாரும் வரமாட்டாங்க.'

சீட்டைப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள். மூன்றாக மடித்த துண்டுகள் ஒவ்வொன்றாகக் கைமாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எண்பதாவது ஆளுக்குச் சொல்லி முடிக்கும்போது டிரைவரம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆறு மணி ஷிப்ட் இருக்கிறது என்று சைகையால் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மற்ற மூன்று பேரும் டீக்கு நிற்கவில்லை. "ரொம்ப நல்லா நடந்துச்சு" என்று தலைவர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை துணி அறையில் அவளுக்குக் கை ஓடவில்லை. துண்டு மடிக்கும்போது பழைய ஆட்கள் ஒவ்வொருத்தராக ஞாபகத்துக்கு வந்தார்கள். டீச்சர் அழகாக ஒரு அழைப்பிதழ் எழுதினாள், இவள் அதைத் திருத்தி அச்சுக்குக் கொடுத்தாள். தையல்காரர் ஒரு மேஜை விரிப்பு தைத்துக்கொண்டு வந்தார், இவள் ஓரத்தைப் பிரித்து வேறு ஆளிடம் தைக்கக் கொடுத்தாள். செடிக்காரர் நட்ட செடிகளை மறுநாளே வரிசை மாற்றி நட்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் ஓடிப்போனார்கள் என்று பதினேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்டியது அவள்தான். களைத்துப் போனேன், களைத்துப் போனேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, இன்னொருத்தர் இறக்கி வைத்த சுமையையும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் டெப்போவுக்குப் போனாள்.

டிரைவரம்மா ஓய்வறையில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் போனவளைக் கையமர்த்தி, செயலாளரம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னுரை எதுவும் போடவில்லை. "தப்பு பண்ணிட்டேன்மா. மன்னிச்சிரு" என்றாள்.

டிரைவரம்மா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். குரல் இன்னும் தேறவில்லை. "என் வீட்டுக்காரர் அங்கே பதினோரு நாள் இருந்தாருக்கா. சுடுதண்ணி எங்கே கிடைக்கும்னு எனக்கு நாலாவது நாள்தான் தெரிஞ்சுது. டாக்டர் வர நேரம் ஆறாவது நாள்."

"இப்போ எப்படி இருக்காரு?"

"இல்லக்கா. வரல, வீட்டுக்கு."

செயலாளரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்து வாரமாகப் பழகுகிறாள், புருஷன் என்ன செய்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. பேனரின் அளவை மூன்று தடவை கேட்டிருந்தாள்.

"கோபமில்லக்கா" என்றாள் டிரைவரம்மா. "உங்களுக்குச் செய்ய ஆள் வேணும்னு நினைச்சுதான் வந்தோம். நீங்க செய்யறதை நின்னு பார்க்கத்தான் ஆள் வேணும்போல."

"வேணாம்மா, எனக்கு யாரும் பார்க்க வேணாம். எனக்கு முடியல. நெஜமாவே முடியல. யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போகணும்னுதான் நாயாப் பேயா அலையறேன். ஆனா குடுக்கத் தெரியல." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் நாசூக்காக எழுந்து வெளியே போனார்.

டிரைவரம்மா டப்பாவை மூடினாள். ஆஸ்பத்திரியில் பை கிடைக்காமல் போனவர்கள் நிறைய. இன்னொரு அறுபது பை கட்டலாம் என்று மெக்கானிக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரும் நேற்றே போனில் பேசிக்கொண்டார்களாம், சங்கத்தை விட்டுவிட்டுத் தனியாக. "சங்கத்துலயே செய்யலாம்க்கா. ஆனா ஒண்ணு. நீங்க வாங்க, உட்காருங்க. எதையும் தொடக்கூடாது. சாவியையும் எங்ககிட்ட குடுத்துடுங்க."

சங்கத்து அறைச் சாவி பதினேழு வருஷமாக அவள் பர்ஸில் இருந்தது. கழற்றும்போது வளையம் இறுகிப்போய் நகம் உடைந்தது. டிரைவரம்மாதான் வாங்கிக் கழற்றிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. சுவர் ஓரத்தில் அவளுக்கென்று கைவைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் உட்கார்ந்தாள். ஐயோ, அந்த உட்காரல் இருக்கிறதே, அவள் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை பார்த்ததில்லை. துண்டை மெக்கானிக் சுருட்டினான், மடிக்கக்கூட இல்லை, சுருட்டினான். சீப்பின் பல் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பையில் இரண்டு இடது கால் செருப்பு போவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். வாய்வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஜெராக்ஸ் கடை அம்மாள், "ஐயையோ, இதுல ரெண்டும் ஒரே கால்" என்று தானே கண்டுபிடித்து மாற்றினாள். தலைவர் பேச எழுந்தார். மெக்கானிக் அவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து, "சார், இந்த நாடாவைக் கொஞ்சம் வெட்டிக் குடுங்க" என்றான். மனுஷர் மறுபேச்சு இல்லாமல் வெட்ட ஆரம்பித்தார். சீட்டு இந்தத் தடவை ஜெராக்ஸ் எடுத்தது, பெரிய எழுத்தில். நீலச் சட்டை நர்ஸே பார்த்து இரண்டு வரி சேர்த்துக் கொடுத்திருந்தாராம். அனுமதி கேட்க டிரைவரம்மா ஒரே தடவைதான் போனாளாம்.

பேச்சும் சிரிப்பும் நாடா வெட்டுகிற சத்தமுமாக இருந்தது. ஃபேன் காற்று முகத்தில் பட்டது. மெக்கானிக் எப்போதோ அதைச் சரி பண்ணியிருக்கிறான், சத்தமே இல்லை. அவளுக்கு முதலில் கழுத்து இளகியது, அப்புறம் தோள். முழங்காலை மெதுவாக நீட்டினாள். இருபது பை முடிகிறவரைக்கும் எண்ணினாள், அதற்குமேல் எண்ணிக்கை தவறிவிட்டது.

கண் விழித்தபோது அறை காலியாக இருந்தது. மேஜையைத் துடைத்து மடக்கி வைத்திருந்தார்கள். பைகள் இல்லை. ஆட்கள் இல்லை. ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது, மணி ஐந்து. பதறி எழுந்தாள். போனைப் பார்த்தால் மெக்கானிக் செய்தி அனுப்பியிருந்தான். 'மேடம் நல்லா தூங்கினீங்க எழுப்பல. நாங்க கிளம்பறோம். கதவைச் சாத்திட்டுப் போங்க, நான் வந்து பூட்டிக்கறேன்.'

பேனர் மூலையில் சுருட்டியபடி கிடந்தது. மறந்துவிட்டார்களா, வேண்டுமென்றே விட்டுவிட்டார்களா என்று தெரியவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஒரு ஆட்டோ பிடித்தால் பதினைந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். கதவுவரைக்கும் நடந்தாள். முதலில் கோபம்தான் வந்தது, என்னை விட்டுட்டுப் போயிட்டாங்களே என்று சின்னப்பிள்ளைக் கோபம். கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் திரும்பி வந்து நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

புருஷன் போன் பண்ணினார். "என்ன செயலாளரம்மா, குடுத்து முடிஞ்சுதா?"

"தெரியல."

"தெரியலையா? கூட்டம் எவ்வளவு? தலைவர் எவ்வளவு நேரம் பேசினாரு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் போகல. தூங்கிட்டேன், என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க."

அவள் மூக்கை உறிஞ்சியது அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். கிண்டல் எதுவும் வரவில்லை. "அழறியா?" என்று கேட்டார்.

"ஆமா."

"ஏன்மா? நீ கேட்டது இதுதானே?"

"இதேதான் கேட்டேன்" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் வரட்டுமா, கூட்டிட்டு வர?"

"இப்போ வேணாம். கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கேன்" என்றாள். "எனக்கு வேலை ஒண்ணுமில்ல."